புலவர் சண்டைக்கு வீடு கொடுத்த ஜமீன்தார்

1901-ஆம் ஆண்டு, மே மாதம். மதுரையில் கடும் வெயில்.

பாலவநத்தம் ஜமீன்தார் மதுரைக்கு வந்து தங்கியிருந்தார். வயது 34. தமிழில் நல்ல பேச்சாளர் என்று பெயர் வாங்கியவர். அங்கே அவர் சொற்பொழிவு ஆற்றுவதாக ஏற்பாடு. பேசுவதற்கு முன் சில பாட்டுகளைப் புத்தகத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ள விரும்பினார். திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டும் என்று கேட்டார்.

கிடைக்கவில்லை.

படித்தவர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தார்கள். வக்கீல்கள் இருந்தார்கள். உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். அவர்கள் வீடுகளில் இங்கிலீஷ் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. திருக்குறள் இல்லை!

பாண்டியர்கள் சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகச் சொல்லப்படும் ஊர் அது. நக்கீரர் சிவபெருமானோடு வாதாடினார் என்று கதை வழங்கும் ஊர் அது. அந்த ஊரில் ஒரு குறள் புத்தகத்துக்குப் பஞ்சம்!

ஜமீன்தாரின் மனம் புண்பட்டது. அந்தப் புண்ணிலிருந்துதான் ஒரு பெரிய காரியம் பிறந்தது. அவர் பெயர் பாண்டித்துரைத் தேவர்.

கரிசல் சீமை

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் வழியில் பாலவநத்தத்தைப் பார்க்கலாம். சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், மிளகாய் விளையும். பெய்யாவிட்டால் மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஆற்றுத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற ஊர்கள் அல்ல. கண்மாய் நிறைந்தால் சோறு.

அருப்புக்கோட்டைக்குள் நுழைந்தால் தறிச் சத்தம். அதையும் தாண்டிப் போனால் குண்டாற்றங்கரையில் திருச்சுழி. சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய பூமிநாதர் கோயில் அங்கே இருக்கிறது. 1879-ல் அந்தத் திருச்சுழியில் வேங்கடராமன் என்று ஒரு பிள்ளை பிறந்தது. 1896-ல் அந்தப் பிள்ளை மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷி ஆனது எல்லோருக்கும் தெரியும். அவர் உபதேசங்களில் பெரியது மௌனம் என்பார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். அதே வறண்ட சீமையில் ஜமீன் நடத்திய பாண்டித்துரைத் தேவரோ, தமிழ்நாட்டுப் புலவர்களையெல்லாம் கூட்டி வைத்து வாயைத் திறந்து பேசச் சொன்னவர். பேச மட்டுமா? வாதாடச் சொன்னவர்!

பாலவநத்தம் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானது. இப்போது அது விருதுநகர் மாவட்டத்து ஊர்.

தகப்பனார் அச்சிடச் செய்த குறள்

1867-ஆம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி பாண்டித்துரை பிறந்தார். தகப்பனார் பொன்னுசாமித் தேவர். ராமநாதபுரம் சேதுபதியாக இருந்த முத்துராமலிங்க சேதுபதிக்கு அவர் அண்ணன். தம்பி அரியணையில் இருந்தார். அண்ணன் சமஸ்தானத்து நிர்வாகத்தைக் கவனித்தார்.

பொன்னுசாமித் தேவருக்குப் புலவர்கள் என்றால் உயிர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பழைய தமிழ் நூல்களைப் பிழையில்லாமல் அச்சிட்டு வந்த காலம் அது. நாவலரைக் கொண்டு நல்ல பதிப்புகளை வெளியிடச் செய்தவர் பொன்னுசாமித் தேவர். 1861-ல் வெளிவந்த திருக்குறள் பரிமேலழகர் உரை அவற்றில் ஒன்று.

தகப்பனார் பொருள் கொடுத்து அச்சிடச் செய்த அதே குறள்! நாற்பது வருஷம் கழித்து மகன் மதுரையில் தேடியபோது ஒரு பிரதி அகப்படவில்லை. அவர் மனம் ஏன் அவ்வளவு புண்பட்டது என்பது இப்போது விளங்கும்.

அந்தக் காலத்துப் புலவர் சண்டை எப்படிப்பட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867-ல் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சாயின. அதே ஆண்டில்தான் பாண்டித்துரை பிறந்தார். அந்தப் பாடல்களுக்கு அருட்பா என்று பெயரிட்டது தவறு என்று ஆறுமுக நாவலர் மறுத்தார். அருட்பா என்றது ஒரு கட்சி. மருட்பா என்றது எதிர்க்கட்சி. ஒரு கட்சி கண்டனம் அச்சிட்டால் மறு கட்சி கண்டனத்துக்குக் கண்டனம் அச்சிட்டது. நூலைப் பற்றிய பேச்சு ஆளைப் பற்றிய பேச்சாக மாறியது. கடைசியில் 1869-ல் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் அவதூறு வழக்காகப் போய் நின்றது.

இரண்டு பேரும் பெரியவர்கள். இரண்டு பேரும் தமிழுக்கும் சைவத்துக்கும் உழைத்தவர்கள். ஆனால் அந்தச் சண்டையில் தமிழ் மேடையை விட்டுச் சாட்சிக் கூண்டுக்குப் போய்விட்டது. நாவலரை ஆதரித்த வீட்டிலேயே பிறந்த பாண்டித்துரை, அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார்.

சோமசுந்தர விலாசம்

பாண்டித்துரை சிறுவனாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். சேஷாத்திரி ஐயங்கார் என்பவர் பொறுப்பேற்றுப் பிள்ளையை வளர்த்தார். அழகர் ராஜு என்ற புலவர் தமிழ் சொல்லிக் கொடுத்தார். இங்கிலீஷும் படித்தார். 17-ஆம் வயதில் ஜமீன் பொறுப்பு கைக்கு வந்தது.

பதினேழு வயது. கையில் பணம். கேட்க ஆள் இல்லை. அந்தக் காலத்து ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் வழி தவறினார்கள். குதிரை, வேட்டை, கச்சேரி என்று ஜமீன் கரைந்து போன கதைகள் எத்தனையோ உண்டு.

பாண்டித்துரைக்கும் ஒரு பைத்தியம் பிடித்தது. அது தமிழ்ப் பைத்தியம்!

ராமநாதபுரத்தில் ‘சோமசுந்தர விலாசம்’ என்ற அவருடைய மாளிகையில் புலவர்கள் வந்து தங்கினார்கள். நூல்களைப் படித்தார்கள். உரை சொன்னார்கள். ஒருவர் சொன்ன உரையை இன்னொருவர் மறுத்தார். ஜமீன்தார் இரண்டையும் கேட்டார். அவருக்கும் படிப்பு இருந்ததால், யார் சரக்கு உள்ளவர், யார் சத்தம் மட்டும் போடுகிறவர் என்பது தெரிந்துவிடும்.

ரா. இராகவையங்கார், மு. இராகவையங்கார் என்ற இரண்டு பெரும் புலவர்களும் ராமநாதபுரத்து ஆதரவில் மலர்ந்தவர்கள்தான். 1868-ல் பிறந்த பாஸ்கர சேதுபதி, பாண்டித்துரைக்குச் சித்தப்பா மகன். அண்ணனும் தம்பியுமாகப் பழகினார்கள். 1893-ல் சுவாமி விவேகானந்தர் சிகாகோவுக்குப் போகத் துணை நின்றவர் இந்தப் பாஸ்கர சேதுபதியே. கொடுத்துக் கொடுத்துக் கடனாளியான மகராஜா அவர்.

அந்த நாளில் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார் உ. வே. சாமிநாதையர். சுவடி கிடைத்தாலும் அச்சுக் கூலிக்கு வழி வேண்டுமே! 1898-ல் அவர் மணிமேகலையை வெளியிட்டபோது உதவியவர்களில் பாண்டித்துரைத் தேவர் ஒருவர்.

ஒரு சொல்லுக்கு ஒரு போர்

புலவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள்? புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஒரு உதாரணம் பாருங்கள்.

‘பொற்றொடி’ என்று ஒரு சொல். பொன் வளையல் என்று பொருள். பொற்றொடி வந்தாள் என்றால் என்ன? வளையல் நடந்து வருமா? பொன் வளையல் அணிந்த பெண் வந்தாள் என்று எல்லோருக்கும் புரிகிறது. சண்டை இங்கேதான் ஆரம்பம். வளையலின் பெயர் அதை அணிந்தவளுக்கு ஆகி வந்தது; ஆகவே இது ஆகுபெயர் என்றார் ஒருவர். இல்லை, இரண்டு சொற்கள் சேர்ந்து இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருளைக் காட்டுகின்றன. ஆகவே இது அன்மொழித்தொகை என்றார் மற்றவர். இரண்டும் ஒன்றா, வேறா? உரையாசிரியர்கள் காலத்திலிருந்தே இதற்கு வழக்கு நடக்கிறது!

பொழுது போகாதவர்கள் வேலை என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் தங்க வியாபாரி குன்றிமணி எடைக்குச் சண்டை போடுவதில்லையா? அவருக்குப் பொன் எப்படியோ, புலவருக்குச் சொல் அப்படி.

குறை அந்தச் சண்டையில் இல்லை. அது நடந்த இடத்தில் இருந்தது. ஜமீன் வாசலில் பரிசுக்காக நடந்தால், தோற்றவர் வசைப்பாட்டுப் பாடிவிட்டுப் போவார். வீட்டுத் திண்ணையில் நடந்தால், சொன்னது காற்றோடு போய்விடும். ஏடு வைத்திருப்பவர் எதிரிக்கு அதைக் காட்ட மாட்டார். கற்றவர் ஒருவர் இறந்தால் அவர் கண்டுபிடித்ததும் அவரோடு போய்விடும். பொது இடம் ஒன்றும் இல்லை.

நான்காம் சங்கம்

இப்போது மறுபடி 1901-க்கு வருவோம்.

அந்த மே மாதத்தில் மதுரையில் மாகாண மகாநாடு ஒன்று நடந்தது. பல ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடியிருந்தார்கள். மதுரையில் மீண்டும் ஒரு தமிழ்ச் சங்கம் வேண்டும் என்ற எண்ணத்தைப் பாண்டித்துரைத் தேவர் அவர்கள் முன் வைத்தார். எல்லோரும் நல்லது என்றார்கள்.

நல்லது என்று சொல்வது சுலபம். கூட்டம் கலைந்ததும் அதை மறப்பதும் சுலபம். தேவர் மறக்கவில்லை. நாலே மாதம்! 1901 செப்டம்பர் 14-ந் தேதி மதுரை சேதுபதி உயர்தரப் பள்ளியில் தமிழ்ச் சங்கம் தொடங்கிவிட்டது. பாஸ்கர சேதுபதி பக்கத்துணையாக நின்றார். தமிழ்நாட்டின் பெரிய புலவர்களெல்லாம் வந்தார்கள். பழைய மூன்று சங்கங்களுக்குப் பிறகு இது நான்காம் தமிழ்ச் சங்கம் என்று நாடு மகிழ்ந்தது.

பெயருக்கு ஒரு சங்கம் வைத்து, வருஷத்துக்கு ஒரு முறை மாலை போட்டுக்கொள்ளும் வழக்கம் அப்போதும் உண்டு. தேவர் செய்தது வேறு. தமிழ் சொல்லிக் கொடுக்கச் ‘செந்தமிழ்க் கலாசாலை’ வைத்தார். அச்சுப் புத்தகங்களையும் ஏட்டுச் சுவடிகளையும் சேர்த்து வைக்கப் ‘பாண்டியன் புத்தகசாலை’ வைத்தார். மதுரையில் குறள் இல்லை என்ற சொல் இனி வரக் கூடாதல்லவா? சொந்தமாக அச்சுக்கூடம் வைத்தார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று பரீட்சைகள் ஏற்படுத்தினார். ஜமீன்தாரின் தயவு வேண்டாம், பரம்பரை வேண்டாம். பரீட்சையில் தேறினால் பண்டிதர்!

இவற்றோடு ஒரு மாதப் பத்திரிகையும் பிறந்தது. பெயர் ‘செந்தமிழ்’. ரா. இராகவையங்கார் முதல் ஆசிரியர். அவருக்குப் பின் மு. இராகவையங்கார் நடத்தினார்.

சண்டைக்கு இடம் கிடைத்துவிட்டது! ஒருவர் தம் முடிவைக் காரணங்களோடு எழுதினார். அச்சாகித் தமிழ்நாடெங்கும் போயிற்று. யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் படித்தார், சென்னையில் இருப்பவரும் படித்தார். மறுப்பவர் எழுதினார். மறுப்புக்கு மறுப்பும் வந்தது. எழுதியது எழுதியபடி இருந்ததால், நான் அப்படிச் சொல்லவில்லை என்று பின்னால் நழுவ முடியாது. மேற்கோள் காட்டினால் எந்த நூல், எந்த இடம் என்று சொல்ல வேண்டும். திண்ணைச் சண்டைக்கு இல்லாத ஒழுங்கு அச்சுச் சண்டைக்கு வந்தது.

சோழவந்தான் அரசஞ் சண்முகனாரைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. இலக்கணத்தில் சிங்கம். பழைய உரையாசிரியராக இருந்தாலும் தமக்குச் சரி என்று தோன்றாததை மறுக்க அவர் அஞ்சியதில்லை. தொல்காப்பியப் பாயிரத்துக்கு மட்டும் ‘பாயிர விருத்தி’ என்று விரிவாக ஓர் உரை எழுதியவர். மேலே சொன்ன பொற்றொடி வழக்கையும் நுணுகி ஆராய்ந்து எழுதியவர். இப்படிப்பட்டவரைக் கண்டு பலர் ஒதுங்குவார்கள். தேவர் அவரை அழைத்துத் தம் கலாசாலையில் ஆசிரியராக வைத்துக்கொண்டார்!

புலவர்களை வைத்து ஒரு நிறுவனம் நடத்துவது தவளைகளைத் தராசில் நிறுப்பது போன்றது. ஒருவர் உட்கார்ந்தால் ஒருவர் குதிப்பார். அதைப் பத்து வருஷம் நடத்திய பொறுமையை, சங்கத்துக்கு அவர் கொடுத்த பணத்தைவிடப் பெரிதாகச் சொல்லலாம்.

இன்னொரு காரியம். சென்னையில் சிங்காரவேலு முதலியார் என்ற ஆசிரியர், பல ஆண்டுகள் பாடுபட்டுத் தமிழ்நூல்களில் வரும் பெயர்களையும் கதைகளையும் செய்திகளையும் அகர வரிசையில் தொகுத்து வைத்திருந்தார். மலை போன்ற கையெழுத்துப் பிரதி. அச்சிட ஆள் இல்லை. தேவருக்குத் தெரிந்தது. 1910-ல் அது மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக ‘அபிதான சிந்தாமணி’ என்று வெளிவந்தது. 1,000 பக்கங்களுக்கு மேல்! வாதாடுகிறவன் முதலில் செய்தியைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு ஒரு பெரும் புத்தகம் கிடைத்துவிட்டது.

பல்கலைக்கழகத்தோடு வழக்கு

சங்கம் பிறந்த மறு வருஷமே வெளிச் சண்டை ஒன்று வந்தது.

1902-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் முதலிய தாய்மொழிகளை விலக்கும் முயற்சி நடந்தது. நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரியில் தமிழ் இல்லை!

சென்னையில் பரிதிமாற் கலைஞரும் பூரணலிங்கம் பிள்ளையும் இதை எதிர்த்து அலைந்தார்கள். பல்கலைக்கழகத்தில் செல்வாக்கு உள்ளவர்களைத் தேடிப் போய்க் காரணம் சொன்னார்கள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டனத் தீர்மானம் போட்டது. தமிழுக்கு அங்கே இடம் நிலைத்தது. தனித்தனிப் புலவர்களாகப் பிரிந்து கிடந்திருந்தால், கேட்க ஒரு குரல் இருந்திருக்காது. பரிதிமாற் கலைஞர் மறு வருஷமே, 33 வயதில் இறந்து போனார் என்பது வேறு துயரம்.

தீயில் போன புத்தகம்

இதுவரை சொன்னதெல்லாம் வாதத்தால் வென்ற கதை. வாதம் இல்லாமல் முடிந்த கதை ஒன்றும் தேவர் வாழ்க்கையில் உண்டு. தமிழ்ப் புலவர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது அது.

மதுரையில் ஸ்காட் துரை என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். தமிழ் படித்தவர். குறளிலும் ஆசை உள்ளவர். எதுகை, மோனை என்ற இலக்கணத்தைக் கற்றுக்கொண்டார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறளைப் பார்த்தார். சில இடங்களில் எதுகை சரியாக அமையவில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஏடு எழுதியவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். எழுத்தை மாற்றினார். சொல்லை மாற்றினார். திருத்திய குறள் என்று அச்சிட்டே விட்டார்!

தேவர் கைக்கு ஒரு பிரதி வந்தது. புரட்டிப் பார்த்தார். உள்ளம் கொதித்தது. ஆனால் துரையிடம் கோபத்தைக் காட்டவில்லை. மிச்சம் இருந்த பிரதிகள் எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் பிரதியையும் விடவில்லை. துரைக்குத் தம் புத்தகத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று சந்தோஷம். தேவர் அவ்வளவையும் கொண்டு போய்த் தீயில் போட்டார்.

தமிழ்ப் பற்றுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்கிறவர்களே மிகுதி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லப்படுகிறது.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. மறுப்பை அச்சில் எழுது என்று எல்லாப் புலவர்களுக்கும் பத்திரிகை வைத்துக் கொடுத்தவர் அவர். ஸ்காட் துரையின் திருத்தம் தவறு என்று காட்ட, சங்கத்துப் புலவர்களுக்கு அரை நாள் போதுமே! எதுகை எங்கே வரும், எங்கே வராமலும் இருக்கலாம் என்று நாலு பக்கம் எழுதியிருந்தால், துரையும் கற்றுக்கொண்டிருப்பார். படிக்கிற நாமும் கற்றுக்கொண்டிருப்போம். எரிந்து போன புத்தகத்துக்கு யார் மறுப்பு எழுத முடியும்?

தேவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நல்ல குறள் ஒரு பிரதிகூட அகப்படாத ஊர் அது. அந்த ஊரில் கெட்ட குறள் நூற்றுக்கணக்கில் புழங்கினால் என்ன ஆகும்? ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லாதவர்கள் அச்சில் வந்ததையே வேதம் என்று நம்புவார்கள். அச்சடித்தவர் ஆளுகிற இனத்துத் துரை வேறு. அதை நினைத்துத்தான் அவர் கை தீப்பெட்டிக்குப் போயிருக்க வேண்டும். புரிகிறது. ஆனாலும் சங்கம் கட்டிய கையும் அந்தக் கைதானே என்று மனம் கேட்கத்தான் செய்கிறது.

கப்பல் சண்டை

ஏட்டுச் சண்டையோடு அவர் நின்றுவிடவில்லை.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனியின் கப்பல்களே ஓடிக்கொண்டிருந்தன. அதற்குப் போட்டியாக வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். 1906 அக்டோபர் 16-ந் தேதி அது பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார்.

கம்பெனியின் தலைவர் யார்? பாண்டித்துரைத் தேவர்!

ஜமீன்தார்கள் வெள்ளைக்காரக் கலெக்டரைக் கண்டால் எழுந்து நிற்கிற காலம். பட்டமும் மரியாதையும் சர்க்கார் கையில். அப்படிப்பட்ட காலத்தில் சர்க்காருக்குப் பிடிக்காத கம்பெனிக்குத் தம் பெயரைக் கொடுப்பது சின்ன விஷயம் அல்ல. இலக்கணத்தில் தோற்றால் வெட்கம் மட்டும்தான். இதில் தோற்றால் ஜமீனுக்கே ஆபத்து.

1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. போட்டி முற்றியது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றது. குடையும் இனாம் கொடுத்தது என்பார்கள்!

அதே நாளில் ‘செந்தமிழ்’ பத்திரிகையில் மு. இராகவையங்கார், பழந்தமிழ் நாட்டு வீரத் தாய்மாரைப் பற்றி எழுதினார். அதைப் படித்து மகிழ்ந்து சுப்பிரமணிய பாரதியார் அவருக்குக் கடிதம் எழுதினார். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தவர் பாரதியார். சங்கம் பிறந்த அதே பள்ளிதான். பழைய புறநானூற்று ஆராய்ச்சி எப்படிச் சுதேசிக் கிளர்ச்சியோடு கைகோத்தது பாருங்கள்.

1908 மார்ச் 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளை கைதானார். ஜூலையில் கொடிய தண்டனை விதிக்கப்பட்டது. தலைமகன் சிறையில் இருக்க, கம்பெனி தள்ளாடியது. 1911-ல் கலைக்கப்பட்டது.

44 வயதில்

அந்த வருஷமே, 1911 டிசம்பர் 2-ந் தேதி, பாண்டித்துரைத் தேவர் இறந்தார். வயது 44. பாஸ்கர சேதுபதி 1903-லேயே மறைந்துவிட்டார். சங்கத்தைத் தாங்கிய இரண்டு தோள்களும் சாய்ந்துவிட்டன.

தேவர் எழுதியவை அதிகம் இல்லை. ‘பன்னூற்றிரட்டு’ என்று பல நூல்களிலிருந்து நல்ல பாட்டுகளைத் தொகுத்தார். ‘சைவ மஞ்சரி’ தொகுத்தார். முருகன் பேரில் காவடிச்சிந்து பாடினார். தாம் எழுதுவதைவிடப் பிறரை எழுத வைப்பதிலேயே காலம் போய்விட்டது.

சங்கம் நின்றுவிடவில்லை. சேரர் தலைநகரான வஞ்சி எது, கரூரா கொடுங்கோளூரா என்று அவருக்குப் பின்னும் புலவர்கள் வருஷக்கணக்கில் மோதினார்கள். ரா. இராகவையங்கார் கரூரே என்று ஒரு நூலே எழுதினார். 1924-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சையில் ஓர் இளைஞர் தேறினார். அவர் பெயர் தேவநேயன். பின்னால் தேவநேயப் பாவாணர் என்று பெயர் பெற்று, சொற்பிறப்பு ஆராய்ச்சியில் இந்தியாவின் பெரிய அறிஞர்களோடெல்லாம் வாதுக்கு நின்றவர். மதுரையில் தமிழ்ச் சங்கம் சாலை என்று ஒரு சாலை இன்றும் இருக்கிறது.

1912 டிசம்பர் 24-ந் தேதி சிதம்பரம் பிள்ளை சிறையிலிருந்து வெளியே வந்தார். கப்பல் இல்லை. கம்பெனி இல்லை. கம்பெனித் தலைவர் இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. வறுமையில் வாடிய அந்த நாட்களில் அவர் கையில் எடுத்தது பழந்தமிழ் நூல்களை. 1917-ல் திருக்குறள் மணக்குடவர் உரையின் அறத்துப்பாலைத் தேடிப் பதிப்பித்தார். பிறகு தாமே குறளுக்கு உரை எழுதினார்.

அந்த ஆராய்ச்சியில் அவர் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். குறளின் தொடக்கத்தில் இருக்கும் கடவுள் வாழ்த்து, வான் சிறப்பு, நீத்தார் பெருமை ஆகிய மூன்று அதிகாரங்களும் வள்ளுவர் பாடியவை அல்ல என்றார். ஸ்காட் துரை எழுத்தைத்தான் மாற்றினார். இவரோ மூன்று அதிகாரங்களையே விலக்கினார்! பாண்டித்துரைத் தேவர் உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ?

சிதம்பரம் பிள்ளை தம் காரணங்களை அச்சில் எழுதி வைத்துவிட்டார். ஒப்புக்கொண்டவர்கள் சிலர். மறுத்தவர்கள் மிகப் பலர். அவர் புத்தகம் நூலகங்களில் அலமாரியில் இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துப் படிக்கலாம்.